மூக்காண்டி காட்டில் ஏரோப்ளேன்

ரயில் என்றாலே எனக்கு ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பஸ் ஓட்டுகிறவனுக்கு ரயிலைப் பிடிக்காமல் போவதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. கை காட்டினால் நிற்காது, கூப்பிட்டால் திரும்பாது, தெரிந்த முகம் ஒன்று மூச்சிரைக்க ஓடி வருகிறதே என்று கொஞ்சம் பொறுக்காது. தண்டவாளத்தை விட்டு ஓரடி இப்படி அப்படி நகரத் தெரியாத வண்டிக்கு இவ்வளவு ராங்கி எதற்கு என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன். யுத்த காலத்தில் கரிகேஸ் வண்டி ஓட்டியவன் நான். பின்னால் தொட்டி கட்டி, அடுப்புக்கரி போட்டு, விசிறியைக் கையால் சுற்றி, மேட்டில் ஆட்களை இறக்கித் தள்ளச் சொல்லி, எப்படியோ குருவிகுளத்துச் சனங்களைச் சங்கரன்கோவிலில் கொண்டுவந்து சேர்த்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட கருத்தப்பாண்டியைக் கூப்பிட்டு, "பாண்டி, இனிமே நம்ம பஸ்ஸு ரயில்வே ஸ்டேஷன் வாசல்லதான் நிக்கணும்" என்று சொன்னது எங்கள் முதலாளி ஞானபூரணம் அக்கா.

அக்காவின் புருஷன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது, இரண்டு பஸ்ஸையும் யாருக்காவது கொடுத்துவிட்டு வீட்டில் இருக்கச் சொல்லி உறவுக்காரர்கள் எல்லாரும் புத்தி சொன்னார்கள். அக்கா எல்லாருக்கும் காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் வெள்ளைச் சேலையும் குடையுமாக ஷெட்டுக்கு வந்துவிட்டார். பொம்பளை முதலாளியிடம் வேலை பார்ப்பதா என்று நானும் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டுதான் இருந்தேன். ஒரு மாதம் அவர் தினமும் என் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தார். வாய் திறந்து ஒரு குறை சொல்லவில்லை. ஆனால் எந்த ஊரில் யார் ஏறுகிறார்கள், எதற்காகப் போகிறார்கள், இறங்கி எந்தப் பக்கம் நடக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தார். அத்தனை வருஷம் ஓட்டிய நான் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. என் கண் ரோட்டில்தான் இருக்கும், அது என் தொழில். இறங்கியவர்கள் எங்கே போனால் எனக்கென்ன?

அக்காவுக்கு அது அப்படி இல்லை என்று தெரிந்தது இசக்கித்தாய் விஷயத்தில்தான்.

அப்போதெல்லாம் எங்கள் ஊர் சங்கரன்கோவிலில் பஸ்கள் கோயிலுக்கு எதிரே தேரடியில் நிற்கும். ரயில்வே ஸ்டேஷனோ ஊரைத் தாண்டி. நடுவில் கடைவீதி, மாட்டு வண்டி, தள்ளுவண்டி, சந்தை நாளென்றால் ஆட்டுக்கூட்டம். ரயிலுக்குப் போகிறவர்கள் தேரடியில் இறங்கி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓட வேண்டும். குருவிகுளத்துப் பக்கத்துப் பெண்பிள்ளை இசக்கித்தாய் அன்றைக்கு என் வண்டியில்தான் வந்தாள். விருதுநகரில் அவள் அப்பனுக்குச் சீவன் இழுத்துக்கொண்டு கிடப்பதாகத் தந்தி. தேரடியில் இறங்கி ஓடினாள். ஸ்டேஷன் கேட்டில் தடுக்கி விழுந்தாள். கண் முன்னால் ரயில் போனது. அடுத்த ரயிலில் அவள் போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்து வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள்.

இதைக் கேட்டு அக்கா அன்றைக்குச் சாப்பிடவில்லை. எனக்குக் கோபம்தான் வந்தது.

"ரயில்காரன் விட்டுட்டுப் போனதுக்கு நாம என்னக்கா செய்ய முடியும்? நம்ம வண்டி சொன்ன நேரத்துக்கு வந்து சேந்துட்டுல்லா?"

"நம்ம வண்டியில ஏறுனவ போய்ச் சேரல பாண்டி. வண்டி மட்டும் வந்து சேந்து என்ன பிரயோசனம்?"

பஸ் முதலாளிகள் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். இறக்கிவிட்ட ஆளுக்காக வருத்தப்பட்ட முதலாளியை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு அக்காவுக்கு வேறு நினைப்பே இல்லை. ஸ்டேஷனுக்கும் ரோட்டுக்கும் நடுவே ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. மூக்காண்டி அண்ணாச்சியின் காடு அது. காடு என்றால் மரம் அடர்ந்த காடு இல்லை, மழையை நம்பி விதைக்கிற புஞ்சையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அந்த மூலையில் மட்டும் சுக்கான்கல் அதிகம் என்று அவர் விதைப்பது கிடையாது, ஆடு மேயும். அதைக் குத்தகைக்குப் பேசினார் அக்கா. மூக்காண்டி அண்ணாச்சியும் சரி என்று தலையாட்டினார். ஸ்டேஷன் மாஸ்டரிடம் போய், மேலிடத்துக்கு எழுதிப் போட வைத்து, அந்த இடத்தில் பஸ் கொட்டகை வந்தால் ரயில்வே வேலியில் ஒரு வழி திறந்துவிடுவதாகச் சம்மதம் வாங்கினார். கடையநல்லூரில் ஜவுளி வியாபாரம் பார்க்கும் அப்துல் மஜீது, திருச்சியிலிருந்து கொழும்புக்குப் பறக்கிற ஏரோப்ளேனுக்கு டிக்கெட் பதிந்து கொடுப்பதைப் பக்கத் தொழிலாக வைத்திருந்தார். அவரிடமும் பேசி, கொட்டகையின் ஒரு மூலையில் மேஜை போட்டு உட்காரச் சொன்னார். கிராமத்துக்காரன் பஸ்ஸில் வந்து இறங்கினால் அந்த ஒரு கூரைக்குள்ளேயே ரயிலும் பிடிக்கலாம், கடல் தாண்டிப் போகிறவனாக இருந்தால் பறக்கிற வண்டிக்கும் இடம் பிடித்துக்கொள்ளலாம். மதராஸில்கூட அப்படி ஒன்று இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஒரு நாள் சாயங்காலம் அந்த இடத்தில் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டார். நான் கூடையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனேன். முதலில் அவர் போட்டது பஸ் நிற்கும் இடமும் இல்லை, டிக்கெட் கொடுக்கும் இடமும் இல்லை. தெற்கு ஓரத்தில் ஒரு சின்னக் கட்டம்.

"இது என்னதுக்கா?"

"பொம்பளைங்க ஒதுங்க மறைப்பு. குருவிகுளத்துல காலையில ஏறுனவ எங்கன போவான்னு நீ என்னைக்காவது யோசிச்சியா?"

யோசித்ததில்லை. அதற்கடுத்து தண்ணீர்த் தொட்டி. அதற்கடுத்து பிள்ளைக்காரிகள் உட்காரத் திண்டு. மேல்காற்று காலத்தில் தூசி அடிக்கும் என்பதால் அந்தப் பக்கம் சுவர். கனத்த மூட்டை கொண்டுவருகிறவன் படி ஏறக் கூடாது என்பதால் பஸ்ஸிலிருந்து பிளாட்பாரம் வரை மட்டமான தரை. கடைசியாகத்தான் பஸ். நிஜமாகவே மூட்டை ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு, கோட்டுக்குக் கோடு நடந்து பார்த்து, இரண்டு இடத்தில் அழித்துத் திரும்பப் போட்டார். வெள்ளைச் சேலையெல்லாம் சுண்ணாம்பும் மண்ணும். எனக்கு அந்த நேரத்தில் இந்த அம்மா காலில் விழுந்தால்கூடத் தப்பில்லை என்று தோன்றியது. விழவில்லை, அது வேறு விஷயம். கூடை கையில் இருந்தது.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. போர்டு வைத்ததில்தான் வினை வந்தது.

ஊர்ச்சனங்களுக்கு விளங்கட்டும் என்று அக்கா ஒரு பெரிய பலகையில் படம் வரையச் சொன்னார். வரைந்தவன் கோயில் வாகனங்களுக்கு வர்ணம் அடிக்கிற ஆள். பஸ்ஸைப் பஸ்ஸாகவும் ரயிலை ரயிலாகவும் வரைந்துவிட்டான். ஏரோப்ளேனை அவன் கண்ணால் கண்டதில்லை. அதனால் கருட வாகனத்துக்கு எழுதுகிற மாதிரி இரண்டு பக்கமும் இறகு விரித்து, முன்னால் உருட்டி விழிக்கிற கண் வைத்து, மூக்கைக் கீழ் நோக்கி வளைத்துவிட்டான். அதோடு விட்டிருக்கலாம். அழகுக்காக அடியில் ஒரு காடும், காட்டில் நாலு ஆடும் எழுதிவிட்டான். அந்தப் பலகையைத்தான் மூக்காண்டி அண்ணாச்சியின் காட்டு ஓரத்தில், அவர் ஆடுகள் மேய்கிற இடத்துக்கு நேராகக் கொண்டுபோய் நட்டோம்.

மூன்றாம் நாளே சுற்றுப்பட்டி முழுவதும் பேச்சு. சங்கரன்கோவிலில் ஏரோப்ளேன் இறங்கப் போகிறது. சனம் வண்டி கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தது. குருவிகுளத்திலிருந்து வந்த ஒரு கூட்டம் காட்டு ஓரத்தில் கட்டுச்சோறு அவிழ்த்துச் சாப்பிட்டு, "இன்னைக்கு வராதா?" என்று என்னிடம் கேட்டுவிட்டுப் போனது. வைக்கோல் படப்புக்குக் கயிறு போட்டுக் கட்டணுமா, காற்றில் பறந்துவிடுமா என்று ஒருவர் விசாரித்தார். தேரடியிலேயே பஸ் நிற்க வேண்டும் என்று மனுப் போட்டிருந்த ஜவுளிக்கடை குருசாமிக்கு இதைக் கேட்டுச் சந்தோஷம் தாங்கவில்லை. அவரைக் குறை சொல்லவும் முடியாது. பஸ் போய்விட்டால் அவர் கடை வாசலில் யார் நிற்பார்கள்?

மூக்காண்டி அண்ணாச்சி கம்பும் கையுமாக ஷெட்டுக்கு வந்தார். முகம் கறுத்திருந்தது.

"என்ன ஞானபூரணம், கொட்டகைன்னு சொல்லி வாங்கிட்டு ஏரோட்ரோம் போடப் போறியாம்லா?"

"ஐயோ அண்ணாச்சி, யாரு சொன்னா? ஏரோப்ளேன் திருச்சியிலதான் எறங்கும். இங்கன டிக்கெட்டு மட்டுந்தான்."

"கதை சொல்லாத. யுத்தத்துல என் மச்சினன் காட்ட இப்படித்தான் எடுத்தான் சர்க்கார்க்காரன். மொதல்ல ஒரு கூடாரம் போட்டுக்கிடுதோம்னான். அப்புறம் பூராத்தையும் மட்டம் தட்டுனான். யுத்தம் முடிஞ்சு இன்னைக்கு வரைக்கும் அதுல ஏரோப்ளேனும் இல்ல, வெள்ளாமையும் இல்ல. என் மச்சினன் இப்ப அடுத்தவன் காட்டுல கூலிக்குக் களை வெட்டுதான்."

அக்கா எவ்வளவோ சொன்னார். படம் வரைந்தவன் செய்த கூத்து என்றார், அதைப் பார்க்காமல் நட்டது தன் தப்பு என்றார். அண்ணாச்சி கேட்கவில்லை. இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். உள்ளே சூடக்கட்டி.

"அப்ப எங் காட்டு எல்லைக்கல்லுல இத ஏத்துதேன். கோமதியம்மன் அறிய, ஏரோப்ளேன் எறங்காதுன்னு அணைச்சு சத்தியம் பண்ணு. நான் மறுபேச்சு பேசல."

எங்கள் பக்கத்தில் இது கோர்ட்டுக்கு மேலே. எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சொன்ன சொல்லை எவனும் மீறமாட்டான், எவனும் சந்தேகப்படவும் மாட்டான். ஒரு நொடி வேலை. நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர். மாட்டேன் என்று தலையை ஆட்டினார்.

"நான் சத்தியம் பண்ண மாட்டேன் அண்ணாச்சி. எங்க வேதத்துல சத்தியமே பண்ணக் கூடாதுன்னு இருக்கு. ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. அம்புட்டுத்தான்."

"பாத்தியா? மனசுல கள்ளம் இருக்கப் போயித்தான் மாட்டேங்க."

எனக்குப் பதறிவிட்டது. "அண்ணாச்சி, நான் அணைக்கேன்! கம்பெனி சார்பா நான் அணைக்கேன்" என்று கையை நீட்டிக்கொண்டு முன்னால் போனேன்.

"பாண்டி!" என்றார் அக்கா. வண்டி பிரேக் போட்ட மாதிரி நின்றுவிட்டேன். "என் வார்த்தைக்கு உன் கை எதுக்கு?"

மூக்காண்டி அண்ணாச்சி சூடத்தை மடித்து இடுப்பில் சொருகினார். "காடு கிடையாது" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அடுத்த வெள்ளிக்கிழமை திருநெல்வேலியிலிருந்து அதிகாரி பஸ் ஸ்டாண்டுக்கு இடம் பார்க்க வருகிறார். ஸ்டேஷன் பக்கத்தில் இடம் கையில் இருந்தால் பஸ் ஸ்டாண்டு அங்கே. இல்லாவிட்டால் தேரடியே நிலை, ரயில்வே கொடுத்த சம்மதமும் அத்தோடு போனது. அந்தப் பக்கம் வேறு நிலமும் இல்லை. ஒரு சூடக்கட்டிக்காக இத்தனையையும் விட்டுக்கொடுக்கிறாரே என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அணைத்துவிட்டு, பிறகு உங்கள் சாமியிடம் ஒரு மன்னிப்புக் கேட்டால் ஆகாதா என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன். அக்கா குடையை எடுத்துக்கொண்டு மூக்காண்டி அண்ணாச்சியின் ஆட்டுக்கிடைக்கு நடந்தார். நானும் பின்னாலேயே போனேன்.

"அண்ணாச்சி, என் வார்த்த உங்களுக்குப் போதல. சரி. உங்க கண்ணு போதும்லா? எங்கூட திருச்சிக்கு வாங்க. ஏரோப்ளேன் எங்கன எறங்குது, எப்படி எறங்குதுன்னு நீங்களே பாருங்க. பாத்துட்டு வந்து காடு இல்லன்னு சொன்னா, நான் அதுக்கு மேல ஒரு சொல்லு கேக்க மாட்டேன்."

அண்ணாச்சி யோசித்தார். அவர் அதுவரைக்கும் ரயிலே ஏறாதவர். ஏரோப்ளேன் பார்க்கிற ஆசை அந்தக் கறுத்த முகத்தில் எட்டிப் பார்த்ததை நான் கவனித்தேன். "ஆட்டுக்கு ஆளு வைக்கணும்" என்றார். அப்படியென்றால் வருகிறார் என்று அர்த்தம்.

நாலு பேர் புறப்பட்டோம். அப்துல் மஜீதுக்கு அவர் காக்கா, அதாவது அண்ணன், கொழும்பிலிருந்து வந்து இறங்கும் நாள் அது, கூப்பிடப் போக வேண்டியிருந்தது. அதனால் வழி காட்டவும் ஆள் ஆயிற்று. மூக்காண்டி அண்ணாச்சி வேட்டி துவைத்துக் கட்டி, கட்டுச்சோறும் கம்புமாக வந்தார். கம்பை வைத்துவிட்டு வரச் சொன்னால் மாட்டேன் என்றுவிட்டார். ரயில் ராஜபாளையம் தாண்டுகிறவரை ஜன்னல் கம்பியைப் பிடித்த கையை எடுக்கவில்லை. சிவகாசி வந்ததும் கொஞ்சம் தெளிந்து, "பரவால்லவே, உம்ம பஸ்ஸு மாதிரி குலுக்கல" என்று என்னிடமே சொன்னார். மஜீது சிரித்தார். நான் வெளியே பார்த்துக்கொண்டேன்.

விருதுநகரில் மாறி, மதுரை தாண்டி, மறுநாள் காலையில் திருச்சி. ஏரோட்ரோம் வெட்டவெளியில் இருந்தது. கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றோம். முதலில் சத்தம், அப்புறம் ஒரு புள்ளி, அப்புறம் வெயிலில் பளபளவென்று அது வந்தது. நான்கூட வாயைப் பிளந்துவிட்டேன். இறங்கித் தரையைத் தொட்டு, ஓடுகிறது ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தக் கோடிக்குப் போய்த் திரும்பி வருகிறபோதுதான் நாங்கள் மூச்சு விட்டோம்.

மூக்காண்டி அண்ணாச்சி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கம்பைத் தரையில் ஊன்றி, வேலி ஓரமாகவே நடக்க ஆரம்பித்தார். அளக்கிறார் என்று புரிந்தது. ரொம்ப தூரம் போனவர் பாதியிலேயே நின்று, திரும்பி வந்து, எங்கள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"எங் காடு இதுக்கு வால் வைக்கக்கூடக் காணாதே" என்றார்.

"அதத்தான் அண்ணாச்சி சொன்னேன்" என்றார் அக்கா மெதுவாக.

"அப்ப எங் காட்ட ஏரோப்ளேன்காரன் எவனும் கேக்கவே இல்லையா?"

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பயம் போய்விட்டது. அந்த இடத்தில் வருத்தம் வந்து உட்கார்ந்திருந்தது. பத்து நாளாகச் சுற்றுப்பட்டி முழுவதும் அவர் காட்டைப் பற்றியே பேச்சாக இருந்திருக்கிறது. மனுஷன் வெளியே சண்டை போட்டாலும் உள்ளே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு பீறிட்டுவிட்டது. அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் அதை இருமலாக மாற்றிக்கொண்டேன். காரியம் கெட்டது, பயந்தவரையாவது சமாதானப்படுத்தலாம், அவமானப்பட்டவரை என்ன செய்வது என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குள் ஏணி வைத்து ஆட்களை இறக்கினார்கள். மஜீதின் காக்கா தொப்பியும் கோட்டுமாக இறங்கினார். அவருக்குப் பின்னால் ஒரு பெண், இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். இடுப்பில் கைக்குழந்தை. வேலிப் பக்கம் அவளைக் கூப்பிட வந்தவர்கள் கையை ஆட்ட, அவள் எங்களைத் தாண்டி நடந்து போனாள். தலையில் பிச்சிப்பூ வைத்திருந்தாள்.

மூக்காண்டி அண்ணாச்சி எழுந்து நின்றுவிட்டார்.

"பாய், இந்தப் பிள்ள எப்பக் கௌம்புனா?"

"இன்னைக்குக் காலையிலதான் அண்ணாச்சி. வீட்டுல காப்பி குடிச்சிட்டு வந்து ஏறியிருக்கும்."

"கொழும்புல இருந்தா?"

"கொழும்புல இருந்துதான்."

"தலையில வச்ச பூ வாடலையே பாய்."

அவர் அந்தப் பெண் போன வழியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவராகவே சொன்னார். அவருக்கு ஒரே மகள், மாடத்தி. கொழும்பில் மளிகைக்கடை வைத்திருக்கிற பையனுக்குக் கட்டிக் கொடுத்தார். ரயிலேறி, தனுஷ்கோடி போய், கப்பலேறிப் போனாள். போனவளுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாமல் வழியெல்லாம் வாந்தி, பிழைத்ததே பெரிசு என்று அவர் காதுக்கு வந்தது. அதற்குப் பிறகு வரவில்லை. பேரனுக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற வயது, முகம் தெரியாது.

"கடலத் தாண்டுனவ திரும்பவா போறான்னு நெனச்சு மனச ஆத்திக்கிட்டேன்" என்றார். "கேக்கவங்கிட்ட எல்லாம் அவ நல்லா இருக்கான்னு மட்டும் சொல்லுவேன். தூரம்னா அம்புட்டுத் தூரம்னு நெனச்சேன் தாயி. பூ வாடுத தூரங்கூட இல்லையே."

தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். அக்கா அவர் கட்டுச்சோற்று மூட்டையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் அண்ணாச்சி ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டே வந்தார். காட்டைப் பற்றி ஆமாம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. சங்கரன்கோவில் ஸ்டேஷனில் இறங்கி, எங்களுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஆட்டைப் பார்க்கப் போய்விட்டார். அக்காவும் கேட்கவில்லை.

"இப்பப் போயி ஒரு வார்த்த கேட்டாத்தான் என்னக்கா? மனசு எளகியிருக்கிற நேரம்."

"எளகியிருக்கிற நேரத்துல கேக்கக் கூடாது பாண்டி. பாருங்கன்னு சொன்னேன், பாத்துட்டாரு. இனி அவுக பாடு."

என்ன மனுஷி இவர்! தலைபோகிற காரியத்தில் இப்படி ஒரு நேர்மை தேவையா என்று வண்டியைக் கழுவுகிற சாக்கில் தனியாகப் புலம்பித் தீர்த்தேன். புலம்பிக்கொண்டே இருந்தபோது எனக்கே தெரிந்தது, இந்த அம்மா இப்படி இல்லாமல் வேறு மாதிரி இருந்திருந்தால் நான் என்றைக்கோ வேறு கம்பெனிக்குப் போயிருப்பேன்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். ஜீப்பில் வந்து தேரடியை முதலில் பார்த்தார், குருசாமி இளநீர் வெட்டிக் கொடுத்தார். பிறகு எல்லாருமாக ஸ்டேஷன் பக்கம் வந்தோம். ஸ்டேஷன் மாஸ்டரும் வெளியே வந்து நின்றார். அக்கா முன்னால் போனார்.

இடத்தைப் பார்த்தேன். சுண்ணாம்புக் கோடு ஒன்றுகூட இல்லை. அத்தனையும் அழிக்கப்பட்டிருந்தது. ஆடு மிதித்து அழிந்த மாதிரியும் இல்லை, மண்வெட்டியால் சுத்தமாகச் சுரண்டியிருந்தது. தெற்கு ஓரத்தில் அக்கா முதலில் போட்ட கட்டம்கூட மிஞ்சவில்லை. குருசாமி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். அந்தப் புருவத்தை இன்னும் நான் மறக்கவில்லை.

"இடம் எங்கம்மா?" என்றார் அதிகாரி.

அக்கா குனிந்து, சுரண்டிக் கிடந்த மண்ணைத் தொட்டுப் பார்த்தார்.

காட்டின் உள்பக்கமிருந்து மூக்காண்டி அண்ணாச்சி வந்தார். தோளில் வடக்கயிறு, கையில் முளைக்கம்புகள், உடம்பெல்லாம் புழுதி. அவருக்குப் பின்னால், பல வருஷமாக அந்த மூலையை அடைத்துக் கிடந்த முள்வேலி பிடுங்கிக் குவிந்து கிடந்தது.

"கோடு எல்லாத்தையும் நாந்தான் அழிச்சேன்" என்றார். "ஞானபூரணம் ரொம்பச் சின்னதாப் போட்டிருந்தா. பஸ்ஸுக்கும் ரயிலுக்கும் ஏரோப்ளேனுக்குமா சேத்து இம்புட்டுக்காணு எடம் போதுமா? நம்ம ஊர்ச்சனம் ஒரு ஆள ஏத்திவிட பத்து ஆள்லா வரும்? அவ்வளவு பேரும் வெயில்லயா நிக்க?"

கயிற்றின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, மறு முனையோடு நடந்தார். பழைய கோடு இருந்த இடத்தைத் தாண்டினார். முள்வேலி இருந்த இடத்தையும் தாண்டினார். விதைக்கிற நிலத்துக்குள் போய் நின்று, முதல் முளையை அடித்தார். சுக்கான்கல் மூலை இல்லை அது, அவர் பருத்தி போடுகிற மண். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்காவைப் பார்த்தேன். அக்கா குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார்.

நாலு மூலையும் அடித்து முடித்துவிட்டு வந்தார் அண்ணாச்சி. அதிகாரியைப் பார்க்கவில்லை, குருசாமியைப் பார்க்கவில்லை. நேரே அக்காவிடம் வந்தார்.

"ஏ தாயி, ஒன்னு கேக்கணும். இதுல எம் மக எங்கன வந்து எறங்குவா?"

அக்கா குடையை மடக்கினார். ரயில்வே வேலியில் வழி திறக்கப் போகிற இடத்துக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனார். பிளாட்பாரத்துக்கு நேராக ஓர் இடத்தில் நிறுத்தி, கைக்குடையால் தரையைத் தொட்டுக் காட்டினார்.

"இங்கன அண்ணாச்சி. திருச்சியிலருந்து வார ரயில்ல எறங்கி, இந்த வழியா வருவா. நீங்க இங்கன நின்னீங்கன்னா முதல்ல உங்களத்தான் பாப்பா."

மூக்காண்டி அண்ணாச்சி அங்கே நின்றார். தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு, கம்பை ஊன்றி, தோள் துண்டை எடுத்துச் சரியாகப் போட்டுக்கொண்டு நின்றார். அதிகாரியின் ஆள் டேப்பை இழுத்துக்கொண்டு வந்தவன், "பெரியவரே, கொஞ்சம் நகருங்க, அளக்கணும்" என்றான். அவர் காதில் விழவில்லை. இன்னொரு தரம் சொன்னான். அதிகாரியும் என்ன இது என்கிற மாதிரி திரும்பினார்.

நான்தான் போய்ச் சொன்னேன்.

"சார், அவுக மக வர்ற நேரம். சுத்தி அளந்துக்கிடுங்க."